எண்ணெயா, வார்னிஷா, ஷெல்லாக்கா: துப்பாக்கிக் கட்டைக்கு எது பொருந்தும்?

பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "அண்ணே, அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி. உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது. கட்டை திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது, கை வைத்தால் பிசுபிசுக்கிறது. எண்ணெய் போடுவதா, வார்னிஷ் அடிப்பதா?" கோலாலம்பூரிலிருந்து இன்னொருவர்: கழகத்தில் குறி சுடும் ஏர் ரைபிள், பீச் மரக்கட்டை, வெளிர் நிறம். அதை வால்நட் மாதிரி அடர் பழுப்பாக்க வேண்டுமாம். சாயம் ஏற்றலாமா, ஏற்றினால் மேலே எதைப் பூசுவது என்பது அவர் கேள்வி.

இந்த விஷயத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டவை. "முதல் பூச்சு ராத்திரி காய்ந்துவிடும், காலையில் அடுத்தது" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊரில் காய்ந்துவிடும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் அதே எண்ணெய் மூன்றாம் நாளும் விரலில் ஒட்டும். ஆகவே நம் ஊர்க் காற்றை வைத்தே கணக்குப் போடுவோம்.

## பட்டியலில் இருந்து முதலில் ஒன்றை அடித்துவிடலாம்

"நம்ம பக்கத்து ஃபர்னிச்சர் கடைக்காரர் ஸ்பிரே அடித்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?" கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருப்பதே குற்றம். நம் நாட்டில் ஏர் ரைபிளும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், உறுப்புகளையும் சட்டம் துப்பாக்கியாகவே பார்க்கிறது. வெளி ஆளிடம் கொடுப்பதென்றால் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் மூலம்தான். நீங்களே செய்வதாக இருந்தாலும், இரும்புப் பகுதியிலிருந்து கட்டையைக் கழற்றும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பழைய திருகுகளின் தலையைச் சிதைத்துவிட்டுப் பிறகு போவதைவிட அது மலிவு. குழலில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

அழகு என்பது பலரும் முதலில் கேட்பது. நான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

முதலாவது ஈரம். ஆண்டு முழுவதும் நம் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு தண்ணீரை ஏந்தி நிற்கும். குளிர்சாதன அறையில் வைத்தால் அது 10 பக்கம் இறங்கும். எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் மறுபடி ஏறும். இப்படி ஊதுவதும் சுருங்குவதும்தான் கட்டையில் வெடிப்பு விழுவதற்கும், இரும்போடு பொருந்தும் இடம் தளர்வதற்கும் காரணம். எந்தப் பூச்சும் இதை முழுக்க நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பூச்சு காயும் வேகம். மூன்றாவது, கையும் கன்னமும் படும் இடத்தில் அது எப்படி உழைக்கும் என்பது. வியர்வை மட்டுமல்ல, கொசு மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீட் கலந்த கொசு மருந்து பல வார்னிஷ்களை இளக்கிவிடும். டுரியான் தோட்டத்தில் கொசு மருந்து இல்லாமல் யார் நிற்கிறார்கள்? நான்காவது, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, முழுவதையும் உரிக்க வேண்டுமா என்பது. ஐந்தாவது, துப்பாக்கியின் பழம்பொருள் மதிப்பு. பெயர் பெற்ற இங்கிலாந்து இரட்டைக்குழல் ஒன்றின் மூலப் பூச்சை உரித்துவிட்டால், விற்கும்போது அதன் விலையில் நல்ல துண்டு போய்விடும்.

## சாயம் தேவையா?

எண்ணெயா வார்னிஷா என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது. வால்நட் கட்டை என்றால் பெரும்பாலும் தேவையில்லை. பழைய அழுக்கும் வெளுத்த பூச்சும் நிறத்தை மறைத்திருக்கும். உரித்துச் சுத்தம் செய்த மரத்தின் மேல் டர்பென்டைன் நனைத்த துணியால் ஒரு தடவு தடவுங்கள். ஈரம் பளபளக்கும் அந்தச் சில நொடிகள் தெரியும் நிறம்தான், எண்ணெய் போட்ட பிறகு கிடைக்கப்போகும் நிறத்துக்கு ஏறக்குறையச் சமம். பிடித்திருந்தால் சாய டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

பீச், பர்ச் போன்ற வெளிர் மரங்களில் கதை வேறு. விலை குறைந்த துப்பாக்கிகள் பலவற்றுக்கும் மரக்கட்டை ஏர் ரைபிள்கள் பலவற்றுக்கும் இவைதான் கட்டை. எண்ணெய் மட்டும் போட்டால் இவை வெளிர் மஞ்சளாகவே நிற்கும். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன.

தண்ணீரில் கரையும் சாயம் நிறத்தை ஆழமாக, சீராக ஏற்றும். ஆனால் தண்ணீர் பட்டதும் மர நார்கள் சிலிர்த்து எழும். அதனால் சாயத்துக்கு முன்பே வெறும் தண்ணீரால் ஒருமுறை நனைத்து, காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் எழுந்த நாரை மட்டும் மெல்ல எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிட்டில் கரையும் சாயம் நாரை அவ்வளவாக எழுப்பாது, உடனே காயும். சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு இழுப்பின் விளிம்பு காய்ந்தபின் அடுத்த இழுப்பு அதன்மேல் ஏறினால் கோடு விழும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எண்ணெய் ஸ்டெயினில் பொடி நிறமி இருக்கும். அது மரத்தின் துளைகளில் தங்கி ரேகையை மங்கலாக்கும், பர்ச்சில் திட்டுத்திட்டாக இறங்கும். மூன்றில் என் தேர்வு தண்ணீர்ச் சாயம். வேலை அதிகம், பலன் நிச்சயம்.

கட்டையின் பின்முனையில் குறுக்கு வெட்டு மரம் இருக்கிறது. அது சாயத்தை உறிஞ்சிக் கருத்துவிடும். அங்கே சாயத்தைப் பாதியாக நீர்த்துப் பூசுங்கள். முதல் சோதனையை, பின்முனையை மூடும் பின்தகட்டுக்கு அடியிலோ குழலுக்குக் கீழே வரும் முன்கட்டையின் உட்பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை எண்ணெயிலேயே கலந்துவிடும் பழைய முறையும் உண்டு. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர்கள் ஆல்கனெட் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சிவப்பு இறக்கினார்கள். வால்நட்டில் அந்தச் சிவப்பு, ரேகையை மறைக்காமல் உள்ளிருந்து சூடேற்றுவதுபோல் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் கூந்தல் எண்ணெயில் வேம்பாளம்பட்டை போட்டுச் சிவப்பு இறக்குவதும் இதே வேலைதான். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஊறவைக்கும் எண்ணெய் தேங்காய் எண்ணெயாக இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் ஆனாலும் காயாது, பிசுக்காகி நாற்றம் எடுக்கும். செம்பனை எண்ணெய்க்கும் அதே கதி. நல்லெண்ணெய் அரைகுறையாகக் காயும், அது இன்னும் மோசம். பாலிக் புலாவ்காரரின் பிசுபிசுப்புக்கு, அப்பா காலத்தில் சமையலறை எண்ணெய் எதையாவது தடவியிருக்கலாம் என்பதே என் முதல் சந்தேகம்.

சாயம் போட்டுவிட்டால் ஒரு மறைமுகச் செலவு நிரந்தரமாகச் சேர்ந்துவிடுகிறது. ஆழமான கீறல் ஒவ்வொன்றும் அடியிலுள்ள வெளிர் மரத்தைக் காட்டும். எண்ணெயை மட்டும் தொட்டு மறைக்க முடியாது, சாயத்தையும் தொட வேண்டும், அதே நிறம் அமைய வேண்டும்.

## ஆளிவிதை எண்ணெய்

பரம்பரைத் தேர்வு. பிரிட்டிஷ் ராணுவத்தில் லீ என்ஃபீல்ட் ரைபிள் கட்டைகளுக்குத் தேய்த்தது இதைத்தான். அவசரகாலத்தில் (1948–1960) மலாயாக் காட்டுக்குள் போனதும் அதே துப்பாக்கிகள்தாம். வாரம் தவறாமல் ஆயுதம் துடைக்க ஆள் இருந்த ராணுவத்துக்கு அது சரிப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

பச்சை ஆளி எண்ணெய் காய்வது வாரக் கணக்கு. ஆரோக்கியத்துக்காகக் குடிக்க விற்கும் ஆளிவிதை எண்ணெயும் இந்த வகைதான். கடையில் 'பாயில்டு' என்று விற்பதில் விரைந்து காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள், மழையில் இரண்டு மூன்று நாள் ஆகும். வீட்டு அடுப்பில் பச்சை எண்ணெயைக் கொதிக்கவைத்தால் அது 'பாயில்டு' ஆகாது, தீ விபத்துதான் ஆகும்.

தோற்றத்தில் இதை அடிக்க ஆளில்லை. கீறல் விழுந்தால் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தால் போதும். ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் இது ஏறக்குறையப் பூஜ்யம். அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் பூச்சுகளை வரிசைப்படுத்திச் சோதித்தபோது ஆளி எண்ணெய் கடைசி வரிசையில்தான் நின்றது. நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை பூஞ்சணம். சரியாகக் காயாத ஆளி எண்ணெய் அதற்கு உணவு. மூடிய அலமாரியில் வைத்தால் கரும்புள்ளி கிளம்பும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூட்டைக் கக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் துணியைத் தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள், அல்லது வெளியே தனியாக விரித்துக் காயவிடுங்கள். கீழே சொல்லும் டங் எண்ணெய்க்கும் கலப்பு எண்ணெய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

## டங் எண்ணெய்

சீனாவின் டங் மரக்கொட்டையிலிருந்து வருவது. ஆளி எண்ணெயைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், மஞ்சளிப்பதும் குறைவு, பூஞ்சணமும் சுலபத்தில் அண்டாது. அமெரிக்க ராணுவமும் எம்1 காரண்ட் ரைபிள் கட்டைகளுக்கு ஆளி எண்ணெயில் தொடங்கிப் பிறகு டங் எண்ணெய்க்கு மாறியது.

பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது. தூய டங் எண்ணெயை முதல் பூச்சுகளில் டர்பென்டைன் கலந்து பாதிக்குப் பாதி நீர்த்துப் பூச வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சில நாள் விட வேண்டும், முழுதாக இறுக ஒரு மாதம் ஆகும். தடிமனாகப் பூசினால் மேலே சுருக்கம் விழுந்து வெண்மை படரும். புட்டியில் 'டங் ஆயில் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் உள்ளே டங் எண்ணெய் கொஞ்சமோ, சுத்தமாக இல்லாமலோ இருக்கலாம். பின்பக்கப் பட்டியலைப் படித்துவிட்டு வெள்ளியை எண்ணிக் கொடுங்கள்.

## கலப்பு எண்ணெய்கள்

ட்ரூ ஆயில், டேனிஷ் ஆயில் வகையறா. எண்ணெயோடு பிசினோ வார்னிஷோ சேர்த்து நீர்த்தவை. துப்பாக்கிக் கட்டைக்கென்றே விற்கப்படும் பிர்ச்வுட் கேஸி நிறுவனத்தின் ட்ரூ ஆயில் சில மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காயும். மழை நாளில் ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

விரல் நுனியில் சில சொட்டு எடுத்து, மெல்லிய படலமாகத் தேய்த்து, காய்ந்தபின் மெல்லிய ஸ்டீல் வுல்லால் மினுக்கத்தை உடைத்து, மறுபடி தேய்ப்பதுதான் முறை. வால்நட்டின் திறந்த துளைகளை அடைக்க, முதல் இரண்டு பூச்சுகளில் எண்ணெய் ஈரமாக இருக்கும்போதே 400 எண் உப்புத்தாளால் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சேறாகித் துளைக்குள் இறங்கும். சாயம் ஏற்றிய கட்டையில் இந்த வித்தை வேண்டாம், சாயமும் சேர்ந்து உரியும்.

ஈரத் தடுப்பில் இது தனி எண்ணெய்க்கு மேல், பாலியூரித்தேனுக்குக் கீழ். கீறலைத் தொட்டுச் சரிசெய்யலாம். செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் புட்டியில்தான். திறந்த புட்டி நம் வெப்பத்தில் சீக்கிரம் கெட்டியாகிவிடும், பாதிக்கு மேல் பலருக்கு வீணாகும். சின்னப் புட்டியாக வாங்குங்கள். இன்னொன்று, பூச்சு ஏற ஏறப் பளபளப்பும் ஏறும். ஆசையில் பூசிக்கொண்டே போனால் கடைசியில் வார்னிஷ் அடித்த கட்டை மாதிரியே ஆகிவிடும்.

## பாலியூரித்தேன் வார்னிஷ்

ஈரத்தைத் தடுக்க வேண்டும், அடிக்கடி கவனிக்க நேரமில்லை என்றால் இதுதான் விடை. எண்ணெய் அடிப்படையில் அமைந்த, துணியால் தேய்த்துப் பூசும் சாட்டின் வகையை எடுத்தால் நெகிழித் தோற்றமும் பெருமளவு குறையும். சாயம் போட்ட பீச் கட்டைக்கு நல்ல கவசம், வியர்வையில் சாயம் கையில் ஒட்டுவது நிற்கும்.

ஆனால் கெட்டால் மொத்தமாகக் கெடும். கீறல் வழியாகவோ இரும்பு சேரும் விளிம்பு வழியாகவோ தண்ணீர் உள்ளே போனால் படலத்துக்கு அடியில் வெண்மை படர்ந்து செதில் செதிலாக எழும்பும். அந்த இடத்தை மட்டும் தொட்டால் ஒட்டு போட்டது தெரியும். முழுக்க உரித்தால் ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் தேயும், இரும்பு விளிம்பைவிட மரம் தாழ்ந்துவிட்டால் திரும்ப ஏற்ற வழியில்லை. கைப்பிடியில் செதுக்கிய கட்டங்கள் இருந்தால் வார்னிஷ் அவற்றை நிரப்பி வழுக்கலாக்கும், அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள்.

## ஷெல்லாக்

அரக்கிலிருந்து வருவது. பஞ்சுப் பொட்டலத்தால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷின் ஆழமான மினுக்கம் பழைய மேசை நாற்காலிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ, துப்பாக்கிக்கு அவ்வளவு பொருந்தாது. மழை நாளில் பூசும்போதே காற்றின் ஈரம் பிடித்து வெண்புகை படர்ந்ததுபோல் ஆகும். தண்ணீர் நின்றால் வெள்ளை வளையம். ஸ்பிரிட்டில் கரையும் பொருள் என்பதால், கையில் சானிடைசர் தடவிக்கொண்டு கட்டையைப் பிடித்தால் விரல் பதிந்துவிடும்.

ஒரே ஒரு வேலையில் இதை யாராலும் மிஞ்ச முடியாது. பல ஆண்டுகளாகத் துப்பாக்கி எண்ணெய் வழிந்து ஊறிக் கறுத்த கட்டையின் மேல் வேறு எந்தப் பூச்சும் பிடிக்காது. வைட்டிங் எனப்படும் சாக்கட்டிப் பொடியை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) அசிட்டோனில் குழைத்துப் பூசி அந்த எண்ணெயை முடிந்தவரை உறிஞ்சி எடுத்தபின், மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஒரு மெல்லிய தடுப்புப் பூச்சாகக் கொடுத்தால் அதன்மேல் எதுவும் ஒட்டும். அசிட்டோன் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் ஊதுவத்திக்கும் எட்டத்தில் செய்யுங்கள்.

## பக்கம் பக்கமாக

| தேர்வு | ஈரத் தடுப்பு | மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய | கீறல் விழுந்தால் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ஆளி எண்ணெய் (பாயில்டு) | மிகக் குறைவு | 2–3 நாள் | கையால் தேய்த்தால் போதும் | ஓயாத பராமரிப்பு, பூஞ்சணம் |
| தூய டங் எண்ணெய் | குறைவு. நீர்த்துளியைத் தாங்கும் | சில நாள் | எளிது, ஆனால் மெதுவாக | ஒரு மாதக் காத்திருப்பு |
| கலப்பு எண்ணெய் | நடுத்தரம் | ஒரு இரவு | எளிது | புட்டி கெட்டியாகி வீணாதல் |
| பாலியூரித்தேன் | நன்று | ஒரு நாள் | முழுக்க உரிக்க நேரலாம் | உரிக்கும்போது மரம் தேய்தல் |
| ஷெல்லாக் | ஈரக்காற்றுக்கு நன்று, தண்ணீருக்கு மோசம் | வெண்மை படரும், தள்ளிப்போடுங்கள் | எளிது | ஸ்பிரிட், வியர்வை ஆகாது |

## யாருக்கு எது?

பாலிக் புலாவ்காரருக்கு: கலப்பு எண்ணெய். தோட்டத்தில் கீறல் விழத்தான் செய்யும், தொட்டுச் சரிசெய்யும் வசதி உங்களுக்கு முக்கியம். சாயம் வேண்டாம், முதலில் அந்தப் பிசுக்கை டர்பென்டைனால் துடைத்து எடுத்துவிட்டு மரத்தின் நிறத்தைப் பாருங்கள். குழிவு விழுந்த இடங்களில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஒத்துங்கள், நார் அறுபடாத குழிவு ஆவியிலேயே மேலே வந்துவிடும். வேலையை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள். பினாங்கின் வறண்ட மாதங்கள் அவைதான்.

கோலாலம்பூர்த் தம்பிக்கு: தண்ணீர்ச் சாயம், மேலே சாட்டின் பாலியூரித்தேன் மூன்று மெல்லிய பூச்சு. உங்கள் ரைபிள் வீட்டிலிருந்து கழகம், கழகத்திலிருந்து வீடு என்று குளிர்சாதன அறைகளில் வாழ்கிறது. கீறலைவிட உங்களுக்கு எதிரி வியர்வை. பீச்சில் எண்ணெய் அழகும் பெரிதாக எடுபடாது, ஆகவே இழப்பு குறைவு.

தாத்தாவின் பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் கையில் இருப்பவருக்கு, மேலே சொன்ன எதுவும் வேண்டாம். டர்பென்டைன் லேசாக நனைத்த துணியால் அழுக்கை எடுத்து, மெழுகு பூசித் துடைத்து வைத்துவிடுங்கள். மெழுகு ஈரத்தை அதிகம் தடுக்காது. ஆனால் மூலப் பூச்சு அப்படியே இருக்கும், உங்கள் பேரன் வேறு மாதிரி முடிவெடுக்க வழியும் இருக்கும்.

எந்தத் தேர்வானாலும் பின்தகட்டைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் குறுக்கு வெட்டு மரத்துக்கு இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். கண்ணில் படாத இடம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஈரம் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான். நுரை திணித்த பெட்டிக்குள் மாதக் கணக்கில் பூட்டி வைக்காமல், காற்றுப் போகும் பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு, குழல்வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். இரும்பிலிருந்து வழியும் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.